அரை மில்லி

சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபத்தைந்து. அது இரண்டு நிமிடம் முந்தி ஓடுகிறது, என் கைக்கடிகாரத்தில் பத்து இருபத்துமூன்றுதான், ஆக டாக்டரம்மா வெளியே வர இன்னும் முப்பத்தேழு நிமிடம் இருக்கிறது. நேற்று பதினொன்று பத்துக்கு வந்தார், முந்தாநாள் சரியாகப் பதினொன்று. வந்ததும் நர்சு ‘தரணிதரன் அட்டெண்டர்’ என்று குரல் கொடுக்கும், நானும் என் பெண்டாட்டி சாந்தாமணியும் எழுந்து ஓடுவோம். எங்கள் ஊர் கணபதிப் பக்கம் போய் லேத் பட்டறை நாச்சிமுத்து என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள், இங்கே மூன்று நாளாக என் பெயர் அட்டெண்டர். அது கிடக்கட்டும், பெயரா இப்போது முக்கியம். பதினோரு மணிக்கு நான் அந்த அம்மாவிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் உள்ளே படுத்திருக்கிற என் பையனுக்கு வேறு மருந்து கொடுப்பார்களோ என்னவோ, சொல்லாவிட்டால் இதே மருந்து, இதே மூச்சு. சொல்ல வேண்டியது நாலே வார்த்தை, அதை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த நாற்காலி வேறு. மூன்று நாற்காலியை ஒரே கம்பியில் கோர்த்திருக்கிறான், நடு போல்ட் லூஸ், சாந்தாமணி அந்தப் பக்கம் அசைந்தால் நான் இந்தப் பக்கம் ஆடுகிறேன். பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் இருந்தால் அரை நிமிட வேலை. அப்புறம் அந்த ஐசியூ கதவு, மேலே இருக்கிற குளோசரை, அதை மெதுவாகச் சாத்த வேண்டியதை, யாரும் சரிபண்ணவில்லை, போகிறவன் வருகிறவன் ஒவ்வொருத்தனுக்கும் டமார் என்று அடிக்கிறது, உள்ளே ஒருத்தன் மூச்சுக்கே திண்டாடுகிறான், அவன் தலைமாட்டில் டமார். இவ்வளவு பெரிய கட்டடம் கட்டத் தெரிந்தவனுக்கு ஒரு திருகைத் திருகத் தெரியவில்லை. பார், மறுபடி போல்டுக்கும் கதவுக்கும் போய்விட்டது மனசு. எதைச் சரிபண்ண முடியுமோ அங்கேயே போய் நிற்கிறது.

கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா என்று அந்த அம்மா கேட்டார். புதன்கிழமை காலையில், கீழே அவசரப் பிரிவில், அவனை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து மூக்கில் ஆக்சிஜன் மாட்டிக்கொண்டிருந்தபோது, கையில் அட்டையும் பேனாவுமாக நின்று, “சிகரெட், குடி, வேற ஏதாவது? எதுவா இருந்தாலும் சொல்லுங்க, நாங்க போலீஸ் இல்ல” என்று நல்லபடியாகத்தான் கேட்டார். கேள்வி முடிவதற்குள் நான் பதில் சொல்லிவிட்டேன். “அதெல்லாம் ஒன்னுமில்லீங்க டாக்டர். என்ற பையன் டீ கூடக் குடிக்க மாட்டானுங்க.” அவன் டீ குடிக்க மாட்டான் என்பது உண்மை, பால்தான் குடிப்பான். அந்த ஒரு உண்மையை மேலே போட்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். யோசித்துச் சொன்ன பொய் என்று கூடச் சொல்ல முடியாது, பழக்கத்தில் வந்தது. எங்கள் பக்கம் ஒரு பையனைப் பற்றி யார் கேட்டாலும் முதல் பதில் அதுதான், ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது. ஜாதகம் கேட்டு வருகிறவனிடம் அதைச் சொல்வோம், வேலைக்குச் சிபாரிசு பண்ணும்போது சொல்வோம், விசேஷ வீட்டில் பக்கத்து இலைக்காரன் கேட்டால் சொல்வோம். செத்தவனைப் பற்றிக்கூட அப்படித்தான் சொல்வோம். அன்றைக்கு என் பிள்ளை உதடு நீலம் பாரித்து ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறான், நான் என்னமோ பெண் வீட்டாரிடம் பேசுகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசுகிறேன். சாந்தாமணியும் கூடச் சேர்ந்து, “ஆமாங்க டாக்டர், வெளியில ஒரு போண்டா கூட வாங்கித் திங்க மாட்டானுங்க” என்றாள். அந்த அம்மா அட்டையில் ஒரு கோடு இழுத்தார். அவ்வளவுதான், அந்தக் கேள்விக்கு எதிரே ஒரு சின்னக் கோடு. அதற்குப் பிறகு யாரும் அதைக் கேட்கவேயில்லை.

நேற்று அவன் நெஞ்சு எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். “காத்து இருக்கற எடம் கறுப்பாத் தெரியணும். இங்க பாருங்க, ரெண்டு பக்கமும் வெள்ளை.” கண்ணாடியில் எமரி பேப்பரைத் தேய்த்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. “கிருமின்னு நெனச்சுத்தான் மருந்து போட்டுட்டிருக்கோம். எந்த டெஸ்ட்லயும் கிருமி வரல, மருந்தும் கேக்கல. எனக்கு ஏதோ ஒன்னு பிடிபடல சார்.” படித்த பெண், முப்பத்தைந்து வயது இருக்கலாம், டாக்டர் ஜெசிந்தா என்று கோட்டில் எழுதியிருக்கிறது, அந்தப் பெண்ணே பிடிபடவில்லை என்று சொல்கிறது, பிடிபட வேண்டியதை மடியில் வைத்துக்கொண்டு நான் தலையை ஆட்டுகிறேன். இதயத்தைப் பற்றியும் சொன்னார். நுரையீரல் காற்றைக் கொடுக்காததால் அது இன்னும் இன்னும் வேகமாக அடிக்கிறதாம், நிமிடத்துக்கு நூற்று நாற்பது, நடுநடுவில் தாளம் தப்புகிறதாம், அதன் தசையும் கொஞ்சம் வீங்கியிருக்கிறதாம். “இருபத்தோரு வயசுல இப்படி இருக்கக் கூடாது” என்றார். எனக்கு அது புரிந்தது. பம்பைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தண்ணி வராத கிணற்றில் மோட்டாரைப் போட்டு விட்டால் அது நிற்காமல் சுற்றும், சுற்றச் சுற்றச் சூடேறும், சத்தம் மெலிசாகி ஒரு மாதிரி கீச்சென்று வரும், அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஓடிப்போய் சுவிட்சை அணைப்பேன். இவன் நெஞ்சுக்குள் அப்படி ஓடிக்கொண்டிருக்கிறது, எங்கே போய் எதை அணைப்பது. நாளைக்கும் இப்படியே இருந்தால் தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் வைக்க வேண்டும் என்றார். நாளை என்று அவர் சொன்னது இன்றைக்கு. பத்து முப்பத்திரண்டு.

தை மாதம் அது. சாயந்திரம் நாலரை இருக்கும், நான் லேத் சக்கில் ஒரு ஷாஃப்டைப் பிடித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன், வாசலில் தரணி நிற்கிறான். பட்டறைப் பக்கமே வராதவன். எண்ணெய் வாசம் ஆகாது அவனுக்கு, சின்ன வயதிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவான், கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று அதைப் படிக்கப் போனான், நானும் சரி, அவனாவது கை கறுக்காமல் சம்பாதிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவன் வந்து லேத்துக்குப் பக்கத்தில் நின்று, “ஏனுங்கப்பா, இந்த மாதிரி ஒன்னு கடைஞ்சு தர முடியுங்களா?” என்று கேட்கிறான். உள்ளங்கையில் உடைந்த ஒரு பிளாஸ்டிக் துண்டு. “என்ன கண்ணு இது?” “சளிக்கு ஆவி புடிக்கற மெஷினுங்கப்பா. ஃப்ரெண்டு குடுத்தான். வாய் வெக்கற எடம் ஒடஞ்சு போச்சு.” ஓடிக்கொண்டிருந்த வேலையை நிறுத்தினேன். ஆர்டர் கொடுத்தவன் காத்திருக்கட்டும், என் பையன் இருபத்தோரு வருடத்தில் முதல்தடவையாக என்னிடம் ஒரு வேலை கேட்டிருக்கிறான். வெர்னியரை எடுத்து அளந்தேன். பிளாஸ்டிக் எதற்கு, பித்தளையில் போடுகிறேன், உன் பேரன் காலம் வரைக்கும் இருக்கும் என்றேன். என் வாயில் வந்ததைப் பார். துண்டு ராடை எடுத்துச் சக்கில் பிடித்து, டூலை எப்படி நடுவில் வைப்பது என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே கடைந்தேன், அவனும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான், சுருள் சுருளாகப் பித்தளை விழுவதைப் பார்த்து, “எப்படிங்கப்பா இவ்ளோ கரெக்டா வருது?” என்றான். எனக்குத் தலை கால் புரியவில்லை. அடியில் மரை போட்டேன், மெஷினில் மாட்டினால் ஒரே திருகில் உட்கார்ந்தது. அவன் வாயில் வைத்து இழுத்துப் பார்த்தான். “துளை இன்னும் கொஞ்சம் பெருசா வேணுங்கப்பா. காத்து நல்லா வரட்டும்.” எவ்வளவு என்று கேட்டேன். “ஒரு அரை மில்லி?” டிரில்லை மாற்றினேன். அரை மில்லி பெரிசாக்கினேன். உள்ளே விரலால் தடவிப் பார்க்க முடியாது என்று ஒரு குச்சியில் எமரியைச் சுற்றி, உதடு படுகிற இடம் வெண்ணெய் மாதிரி இருக்கிற வரைக்கும் தேய்த்துக் கொடுத்தேன். அன்றைக்குச் சோறு தின்னும்போது சாந்தாமணியிடம் மூன்று தடவை சொன்னேன், நம்ம தரணிக்கு வேலையில் கண் இருக்கிறது என்று. அவளும் சிரித்துக்கொண்டே குழம்பை ஊற்றினாள்.

மண்ணெண்ணெயில் கழுவினேனே. கடைந்து முடித்ததும் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில்தான் கழுவுவது, அதையும் கழுவினேன், துணியில் துடைத்தேன், சோப்புப் போட்டேனா? போட்டேன் என்றுதான் நினைக்கிறேன். போடவில்லையோ. உள்ளே பிசிறு நின்றிருக்குமோ, பித்தளைத் தூள் மூச்சோடு போய் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்குமோ. இல்லை, அந்தத் துளைக்கு வெளிச்சம் காட்டிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. மண்ணெண்ணெய்தான். ஒரு சொட்டு மண்ணெண்ணெய் பத்து மாதம் இருக்குமா, இருக்காது. எனக்கே தெரிகிறது, நான் தப்பை வேறு இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன். தொலைத்தது ஆயுத பூசையன்றைக்கு. பட்டறை முழுக்கக் கழுவி, லேத்துக்கு மாலை போட்டு, ஸ்பேனர், வெர்னியர், பைக் சாவி, தரணியின் லேப்டாப் எல்லாவற்றையும் வாழையிலையில் வைத்து, சாந்தாமணி வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தாள். அவன் புத்தகப் பைக்குப் பக்கத்தில் அந்த மெஷின் கிடந்தது. “இதுவும் நீங்க கடைஞ்சதுதானுங்களே” என்று அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள். நான் கற்பூரத்தைக் காட்டினேன். தரணி சுவரோரம் தலையைக் குனிந்து நின்றான், பக்தி என்று நினைத்துக்கொண்டேன். பொரி கொடுக்கும்போது ராசு, இருபது வருடமாக என்னிடம் வேலை பார்க்கிற டர்னர், என் காதருகே வந்து, “அண்ணா, அது ஆவி மெஷின் இல்லீங்க. பொகை மெஷினு. காலேசுப் பசங்க இழுக்கறது. அதுக்குப் போயிப் பொட்டு வெச்சிருக்கீங்க” என்றான். “உன்ற சோலியப் பாரு” என்று அவன் மேல் விழுந்தேன். எனக்கு வந்த கோபத்தில் பாதி, அவன் சொன்னது உண்மை என்று உடனே தெரிந்ததால் வந்தது.

அன்றைக்கே அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் என்ன யோக்கியன், பதினெட்டு வயதில் ஃபவுண்டரியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி இழுத்தவன், இவன் பிறந்த செய்தி வந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் கட்டோடு தூக்கி எறிந்தவன். பீடியென்றால் நெருப்பு, சாம்பல், கறை, நாற்றம். இது நெருப்பில்லை, சாம்பலில்லை, வெறும் ஆவி மாதிரி மேலே போகிறது, முன்பெல்லாம் அவன் சட்டையில் அடித்ததும் வெறும் மாம்பழ வாசம். காலத்துக்கு ஏற்ற மாதிரி நாசூக்காக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், படிப்பு முடிந்தால் தானாக விட்டுவிடுவான், நான் விடவில்லையா என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். ஒரு சாயந்திரம் துணி எடுக்க மாடிப்படி ஏறுகிறேன், மேலே அந்த மெஷினின் வாசம். நான் என்ன செய்தேன்? நாலாவது படியில் நின்று, தொண்டையைக் கனைத்து, நன்றாகச் சத்தமாக இருமினேன். அவன் ஒளித்துவைக்க நேரம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மேலே போனேன், அவன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான், நான் கொடியிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு, மழை வரும் போல இருக்குது என்றேன். அவன், ஆமாங்கப்பா என்றான். அப்பனும் மகனும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

பத்து நாற்பத்தொன்று. நேற்று அந்தப் பையன் வந்தான், அஸ்வத், தரணிக்கு ஒன்றாம் ஆண்டிலிருந்து சிநேகிதன். டாக்டரம்மா பேசிவிட்டு உள்ளே போன பிறகு என்னை மட்டும் பைக் ஸ்டாண்டுக்குக் கூப்பிட்டுப்போய், மழையில் நின்றுகொண்டு அழுதான். “மொதல்ல அந்த இ-சிகரெட்ல வெறும் ஃப்ளேவர்தான் அங்கிள். மாம்பழம், புதினா. அதுல நிக்கோட்டின் இருக்கும், ரெண்டு மாசத்துல அது இல்லாம அவனால உக்கார முடியல. இந்த மூணு மாசமா வேற ஆயில் ஊத்தறான். கஞ்சா ஆயில். வெளியில ஒருத்தன் கொண்டாந்து குடுப்பான். அதுல என்னென்ன எண்ணெய் கலக்கறாங்கன்னு யாருக்கும் தெரியாது அங்கிள். கொஞ்ச நாளா மூணாவது மாடி ஏறுனா பாதியில உக்காந்துக்குவான், நெஞ்சு படபடன்னு அடிக்குதுடான்னு சொல்லுவான். நாங்க சிரிச்சோம்.” அவன் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, “டாக்டர்கிட்ட சொல்லீருங்க அங்கிள்” என்றான். சொல்லிவிடுகிறேன் என்றேன். அப்போது மணி பன்னிரண்டரை. ஓடிப்போய் அந்தக் கதவைத் தட்டியிருக்கலாம். சாயந்திரம் டியூட்டி டாக்டர் ஒருத்தர் வந்தார், அவரிடம் சொல்லியிருக்கலாம், நர்சிடம் சொல்லியிருக்கலாம். பெரிய டாக்டரிடமே நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டேன். எண்ணெய் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா. முப்பது வருடமாக எண்ணெயிலேயே கிடக்கிறவன். தண்ணீர் விட்டால் போகாது அது, மரத்தூளைப் போட்டுத் தேய்த்து, சோப்புப் போட்டு, அப்புறமும் நகக்கண்ணில் நிற்கும். நுரையீரலுக்குள் போய் எந்த மரத்தூளைப் போட்டுத் தேய்ப்பது. சூடான இரும்பில் கட்டிங் ஆயில் விழுந்தால் புகை எழும்பும், பட்டறையில் இருக்கிற ஒவ்வொருத்தனையும் மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பு என்று கத்துவேன். ஊரான் பிள்ளைக்கெல்லாம் கத்தினேன். என் பிள்ளைக்கு அந்தப் புகை தாராளமாகப் போகட்டும் என்று வழியைப் பெரிசாக்கிக் கொடுத்தேன்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள், நான் என் கையால் கடைந்து வைத்துக்கொண்டேன். இதை யாரிடம் சொல்வது. அந்த மெஷினையே தடை பண்ணியிருக்கிறார்களாம், அஸ்வத் சொன்னான், கஞ்சா என்றால் கேட்கவே வேண்டாம். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அந்த வார்த்தை ஏறினால் போலீஸ் வருமோ, கடைசி வருடம், காலேஜில் நீக்கிவிடுவார்களோ. இதெல்லாம் உண்மையான பயம்தான், ஆனால் இதெல்லாம் எனக்கு வசதியான பயமும்கூட. போலீசை நினைத்து நான் வாயை மூடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே, இவளை நினைத்துத்தான். கல்யாணமாகி ஐந்து வருடம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்றவள். இவள் அந்தப் பித்தளைத் துண்டைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டி, அவங்கப்பா கடைஞ்சு குடுத்தது என்று பெருமை பேசியவள். அது என்ன என்று தெரிந்தால் இவள் என்னைத் திட்ட மாட்டாள், அதுதான் கஷ்டம். பார்ப்பாள். ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அந்தப் பார்வைக்கு அப்புறம் எத்தனை வருடம் அந்த வீட்டில் இருப்பது. ஆக, என் பெண்டாட்டி என்னைப் பார்க்கப் போகிற ஒரு பார்வைக்குப் பயந்து என் மகனின் மூச்சை வைத்துச் சூதாடுகிறேன். இப்படிச் சொன்னால் சரியாக இருக்கிறது. அவள் மடியில் இருக்கிற துணிப்பையிலிருந்து டப்பாவை எடுத்து, “ரெண்டு இட்லி திங்கறீங்களா? நேத்துருந்து ஒன்னும் திங்கல நீங்க” என்கிறாள். நீ தின்னு என்கிறேன். “நா அப்பவே தின்னுட்டன்.” டப்பாவின் மூடியைத் திறந்த அடையாளமே இல்லை. சும்மா அதைத் திரும்பப் பையில் வைத்து, பையின் வாயை இறுக்கிச் சுருட்டிப் பிடித்துக்கொள்கிறாள். “பதினொரு மணிக்கு அந்த டாக்டரம்மா வந்தா…” என்று ஆரம்பித்தாள். வந்தா? “ஒன்னுமில்லீங்க. நல்லா விசாரிக்கோணும்.”

கதவு டமார் என்றது. அது திறந்து மூடுகிற நேரத்தில் மூன்றாவது கட்டிலில் அவன் பாதம் தெரிகிறது, போர்வைக்கு வெளியே, அந்தப் பெருவிரல் என்னுடையது, என் அப்பன் விரல், வளைந்து மேலே பார்க்கும். ஷூ வாங்கப் போனால் திட்டுவான், எனக்கு எதுக்குங்கப்பா இந்த விரலைக் குடுத்தீங்க என்று. நெஞ்சு தெரியவில்லை, அது ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று கழுத்தை நீட்டுகிறேன், கதவு மூடிவிட்டது. அவன் பிறந்தபோதும் இப்படித்தான், தூங்குகிற குழந்தையின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பேன், ஏறுகிறதா, இறங்குகிறதா, கொஞ்சம் தாமதித்தால் மூக்குக்கு நேரே விரலை வைப்பேன், பழைய பீடி நாற்றம் போகட்டும் என்று மூன்று தடவை கழுவின விரல். பத்து ஐம்பத்துநாலு. சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். டாக்டர், அவனுக்குப் பழக்கம் உண்டுங்க. நாலு வார்த்தை, எண்ணிப் பார்த்தாயிற்று. இல்லை, இப்படி ஆரம்பித்தால் இவள் அங்கேயே விழுந்துவிடுவாள், டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். தனியாகக் கூப்பிட்டால் இவளுக்குச் சந்தேகம் வரும். இவளைத் தண்ணீர் பிடித்துவர அனுப்பலாம். பாட்டிலில் தண்ணீர் நிறைய இருக்கிறது. அந்தக் குழாய் எப்படி இருக்கும், தொண்டையில் போடுகிற குழாய், எத்தனை மில்லி துளை இருக்கும் அதற்கு, எட்டு இருக்குமா, ஒன்பதா, உள்ளே வழவழப்பாகப் போட்டிருப்பானா, பிசிறு நின்றால் தொண்டையைக் கிழிக்குமே. ஐயோ, எங்கே போகிறது புத்தி. போதும். பயமாக இருக்கிறது. எனக்கு ஐம்பத்துநாலு வயது, இவ்வளவு பயமாக எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

“தரணிதரன் அட்டெண்டர்!” மணியைப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. டாக்டரம்மா கதவுக்கு வெளியே நிற்கிறார், கையில் காகிதம், கண்ணுக்குக் கீழே கறுப்பு. “ரொம்பக் களைச்சுப் போயிட்டார். ஆக்சிஜனை ஏத்தியும் நிக்கல. குழாய் போட்டாகணும், ஒரு கையெழுத்து வேணும்” என்று பேனாவை நீட்டுகிறார். வாங்கினேன். எங்கே போடுவது என்று அவர் விரல் வைத்த இடத்தில் முனையை வைத்தேன். தண்ணீர் பாட்டில், தனியாகக் கூப்பிடுவது, ஒன்றும் ஞாபகம் வரவில்லை. “டாக்டர், அவனுக்குப் பழக்கம் உண்டுங்க” என்றேன்.  “பொகை மெஷினுங்க. மூணு மாசமா கஞ்சா எண்ணெய் ஊத்தி இழுத்திருக்கானுங்க. அதுக்கு வாய் வெக்கற குழாய நாந்தானுங்க கடைஞ்சு குடுத்தன், பித்தளையில. எனக்குத் தெரியும்ங்க. அன்னைக்கு நீங்க கேட்டப்பவே தெரியும்ங்க. மண்ணெண்ணெயில கழுவினனுங்க, அதனாலயா இருக்குமுங்களா?” அவர் ஓரடி கிட்டே வந்தார். “மண்ணெண்ணெய விடுங்க. எத்தனை மாசமா இழுக்கறாரு? கடைசியா எப்ப?” எத்தனை மாதம், கடைசியாக எப்போது, இது எனக்குத் தெரியாது, இருமி இருமி மேலே போனவனுக்கு என்ன தெரியும். 

“ஞாயித்துக்கெழம சாயந்தரமுங்க” என்றாள் சாந்தாமணி. “அஞ்சரை இருக்குமுங்க டாக்டர், மாடியில. அப்பறம் இருமல் வந்துருச்சு, இழுக்க முடியல அவனால. தை மாசத்துலருந்து இருக்குதுங்க. மொதல்ல மாம்பழ வாசம், ஆடிக்கப்பறம் வேற வாசம்.” துணிப்பையின் சுருட்டை அவிழ்த்தாள். இட்லி டப்பாவை ஒதுக்கி, அடியிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து, அதைப் பிரித்து டாக்டரிடம் நீட்டினாள். “இதுல இன்னும் கொஞ்சம் எண்ணெய் கெடக்குதுங்க. என்னன்னு பாத்துக்குங்க.” மூன்று நாளாக அந்த மெஷின் எங்கள் இருவருக்கும் நடுவில், அந்தப் பைக்குள், இருந்திருக்கிறது. பித்தளை பளபளவென்று இருந்தது, நான் தேய்த்த தேய்ப்பு. டாக்டரம்மா அதை வாங்கி விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார், திரும்பி உள்ளே பார்த்து ஏதோ மருந்தின் பெயரைச் சொல்லி, “ஸ்டீராய்டு, இப்பவே, உடனே” என்று நர்சிடம் சத்தம் போட்டார். அப்புறம் எங்களிடம், “குழாய் எப்படியும் போட்டாகணும். இந்த மருந்து கேக்கணும். மொத நாளே குடுத்திருந்தா…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். “குடுத்திருந்தா என்னங்க டாக்டர்?” என்று சாந்தாமணி கேட்டாள். “கையெழுத்துப் போடுங்கம்மா” என்றார் அவர். நான் போட்டேன், கீழே அவளும் போட்டாள், அவர் காகிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார், கதவு அடித்துச் சாத்திக்கொண்டது.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். உனக்கு எப்படி, ஏன் என்கிட்டே, என்று ஏதோ உளறினேன். அவள் காலிக் கைக்குட்டையை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். “அதைக் கடைஞ்சு குடுத்த அன்னைக்கு நீங்க அவ்ளோ சந்தோசமா இருந்தீங்க. நா போயி எப்படிச் சொல்றது?” என்றாள். நான் நினைத்த அந்தப் பார்வையை அவள் பார்க்கவேயில்லை, மடித்த கைக்குட்டையையே பார்த்தாள். “நீங்க எனக்காகச் சொல்லல. நா உங்களுக்காகச் சொல்லல. அவனுக்காக ஒருத்தரும் வாயத் தொறக்கல பாருங்க.”